காலிபர் வாங்கும் முன்: வாசகர் கேள்விகள்

டிஸ்க் பிரேக் காலிபரை, அதாவது பெடலை மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளிப் பேடுகளை டிஸ்கில் இறுக்கும் பாகத்தை, வீட்டிலேயே பிரித்துச் சீல் மாற்றும் பிக்கப், மினி லாரிக்காரர்களின் கடிதங்கள் இந்த முறை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பிக்கப்பின் முன் இடது சக்கரம் ஓடி முடித்ததும் கை வைக்க முடியாமல் சுடுகிறது. கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் புதுக் காலிபரே மாட்டினேன். அப்படியும் சுடுகிறது. அடுத்து என்ன வாங்க?

பதில்: எதையும் வாங்காதீர்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பெடலை மிதித்து, காலை எடுத்த பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிபரில் ஏர் எடுக்கும் நிப்பிளை (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சிறு திருகை) கொஞ்சம் திறங்கள். ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் லேசாகச் சுற்றினால், கோளாறு ரப்பர் ஹோஸில். வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்ளே ரப்பர் உப்பி, மிதிக்கும்போது போன ஆயிலைத் திரும்ப விடாது. நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் விடாவிட்டால் பிஸ்டனோ, காலிபர் வழுக்கி நகரும் கைடு பின்னோ பிடித்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை இது. அதைக்கூடச் சொல்லாமல் உங்கள் தலையில் ஒரு காலிபரைக் கட்டியது நியாயமே இல்லை. பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது நன்றாகவே இருக்கலாம்.

கேள்வி: போன வருடம் திறந்த பிரேக் ஆயில் பாதி டப்பா மிச்சம் இருக்கிறது. ஊற்றலாமா?

பதில்: கூடாது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு அந்த அளவுகோலே 155 டிகிரிதான். சின்ன டப்பாவாக வாங்குங்கள்.

கேள்வி: 'புதுப்பித்தது' என்று விற்ற காலிபர் ஒரு ஜோடி வாங்கினேன். பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். சில வாரத்திலேயே டஸ்ட் பூட் (பிஸ்டனைத் தூசி அண்டாமல் மூடும் ரப்பர்) ஓரமாக ஆயில் கசிந்தது. பிரித்தால் பிஸ்டனெல்லாம் துரு. விற்றவரோ 'வண்டியில் மாட்டியதைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார். எக்ஸ்சேஞ்சுக்கு என் பழைய காலிபர்களையும் கொடுத்துவிட்டேன்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மாட்டி ஓட்டாமல் கசிவு எப்படித் தெரியும்? இதே மாதிரி ஒன்று எனக்கும் வந்து சேர்ந்தது. நிப்பிளின் மரையில்கூடப் பெயிண்ட் ஏறியிருந்தது. உள்ளே, பிஸ்டனில் குரோம் உரிந்த இடத்தை எமரி தாளால் தேய்த்து, சீலை மட்டும் புதிதாகப் போட்டிருந்தார்கள். நகத்தை ஓட்டினால் குழி தட்டுப்பட்டது. பணம் திரும்பி வரவில்லை.

இந்த வகைக் காலிபர்களில் சதுர வெட்டுச் சீல், சிலிண்டர் சுவரில் உள்ள காடியில் உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் அதை உரசிக்கொண்டு நகரும். மிதிக்கும்போது சீல் பிஸ்டனோடு சேர்ந்து வளைகிறது. விட்டதும் நிமிர்ந்து, பிஸ்டனை ஒரு முடியளவு பின்னுக்கு இழுக்கிறது. ஆகவே ஆயில் கசியாமல் நிற்பது பிஸ்டன் பரப்பு வழவழப்பாக இருந்தால்தான். சிலிண்டர் சுவரில் லேசான கறை இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பிஸ்டனில் சீல் உரசும் இடத்தில் குழி விழுந்துவிட்டால், எவ்வளவு நல்ல சீல் போட்டும் பிரயோஜனம் இல்லை. பிஸ்டன் புதியதா பழையதா, இரும்பா பீனாலிக்கா (கெட்டியான பிளாஸ்டிக் வகை) என்று சொல்லாமல் 'புதுப்பித்தது' என்று விற்பதை நான் ஏமாற்று வேலை என்றே சொல்வேன். வாங்கும் முன் அதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பிஸ்டனைத் துடைத்து, குழி தெரியும்படி வெளிச்சத்தில் படம் எடுங்கள். பில்லையும் விளம்பரத்தையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். பழைய காலிபர்களுக்கான தொகையையும் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் முறையிடுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் புகார்தான்.

கேள்வி: 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற சீல் கிட் மலிவாகக் கிடைத்தது. சீல் கொஞ்சம் பெரிது. பிளேடால் சீவி, கிரீஸ் தடவி உள்ளே தள்ளிவிட்டேன். இப்போது பிரேக் பிடித்துக்கொள்கிறது.

பதில்: பிரேக் சீலைப் பிளேடால் சீவுவதா? அந்த வண்டியை நகர்த்தவே நகர்த்தாதீர்கள். சாதா கிரீஸ் பட்டால் இந்த ரப்பர் உப்பிவிடும், பெட்ரோலும் அப்படித்தான். சுத்தமான பிரேக் ஆயிலோ ரப்பருக்கான கிரீஸோதான் தடவ வேண்டும். ஒரே மாடல் வண்டியிலேயே இரண்டு அளவுக் காலிபர் வருவதுண்டு. பிஸ்டன் விட்டத்தை அளந்து, பார்ட் நம்பரைச் சொல்லி வாங்க உங்களுக்கு என்ன தடை? சீல், பூட் எல்லாமே புதிதாகப் போடுங்கள். கிரீஸ் பட்ட ஆயிலையும் முழுக்க வெளியேற்றுங்கள்.

கேள்வி: பெரிய லாரி, ஏர் பிரேக். பின் சக்கரத்து ஸ்பிரிங் சேம்பரை (ஸ்பிரிங் விசையால் பிரேக்கைப் பிடிக்கும் டப்பாவை) வீட்டில் பிரிக்கலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் உயிர் போகும். முழுதாக வாங்கி, தெரிந்தவரை வைத்து மாட்டுங்கள்.

கேள்வி: இரண்டு காலிபரும் பிரித்துப் பூட்டினேன். கசிவு இல்லை. எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் தள்ளியதும் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) வாங்கலாமா?

பதில்: பொறுங்கள். நிப்பிள் காலிபரின் மேல்பக்கம் இருக்கிறதா, கீழ்ப்பக்கமா? கீழே இருந்தால் இடது வலது மாறிவிட்டது. காற்று மேலேயே தங்கும், வெளியே வராது. மாற்றிப் போட்டு, ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர்களையும் புதிதாகப் போட்டு, மறுபடி ஏர் எடுங்கள். பெடல் கெட்டியாக நின்ற பிறகு வண்டியை எடுத்தால் போதும்.