கிணற்றில் டீசல் கொட்டிவிட்டது, எப்படி எடுப்பது?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர். டீசல் எஞ்சினுக்கு ஊற்றும்போது கேன் சரிந்து, பாதி வாய்க்கால் மேட்டில் கொட்டிவிட்டது, மீதி கிணற்றுக்குள் போய்விட்டது. தண்ணீர் மேல் பலநிறமாக மினுங்குகிறது. வைக்கோலைப் போட்டு எடுக்கலாமா? சோப்புத்தூள் போட்டால் போய்விடும் என்கிறார்களே, சரியா?

பதில்: சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம் அண்ணே. டீசல் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதக்கிறது, அதனால்தான் அதை எடுக்க வழி இருக்கிறது. சோப்பு போட்டால் சின்னச் சின்னத் துளியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும், அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. எஞ்சினையும் இப்போதைக்கு ஓட்டாதீர்கள். தண்ணீர் இறங்க இறங்க எண்ணெய்ப் படலம் கிணற்றுச் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டே கீழே போகும், ஊற்றுக்கண்ணிலும் படியும். மாடு கன்றுக்கும் அந்தத் தண்ணீரைக் காட்டாதீர்கள்.

வைக்கோல் எண்ணெயை இழுக்கும், ஆனால் தண்ணீரையும் சேர்த்துக் குடித்துக் கனத்துப்போய்க் கொஞ்ச நேரத்தில் அமிழ்ந்துவிடும். கிணற்றுக்கு இலவம்பஞ்சுதான் சரி, போடிப் பக்கம் விளைகிறதே அதுதான், வீட்டில் கிழிந்த பழைய தலையணை இருந்தால் அதையே பிரித்து எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழாய், மேலே மெழுகுப் பூச்சு. மெழுகு தண்ணீரை விலக்கிவிடும், எண்ணெய் மட்டும் குழாய்க்குள் ஏறும். தன் எடையைப் போலப் பல மடங்கு எண்ணெயைப் பிடித்துக்கொண்டும் மிதக்கும். எருக்கங்காய் வெடித்து வரும் பஞ்சுக்கும் இதே குணம் உண்டு. மருந்துக்கடைப் பஞ்சு மட்டும் வேண்டாம், அதில் மெழுகை எடுத்திருப்பார்கள், தண்ணீரைத்தான் உறிஞ்சும்.

வெங்காயம் வருகிற வலைச்சாக்கில் பஞ்சை இறுக்காமல் தளர்வாக நிரப்பி, வாயைத் தைத்து, கயிறு கட்டித் தண்ணீர் மேல் விடுங்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெதுவாக இழுங்கள், படலம் காற்று தள்ளும் பக்கம் ஒதுங்கும், அங்கே கொஞ்சம் அதிக நேரம் விடுங்கள். சாக்கு கனத்ததும் மேலே தூக்கி ஒரு டிரம்மில் பிழிந்துவிட்டு மறுபடி இறக்கலாம். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் கையால் அள்ளி எடுத்தார்கள், அது கெட்டியானது, அள்ள வந்தது. உங்கள் கிணற்றில் இருப்பது மெல்லிய ஏடு, வாளியில் மொண்டால் தண்ணீர்தான் வரும். யாரும் உள்ளே இறங்க வேண்டாம், பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பிழிந்த டீசலை எஞ்சினில் ஊற்றாதீர்கள், அதில் தண்ணீர் இருக்கும்.

டீசல் கொட்டிய வாய்க்கால் மேட்டுக்கு வேறு வைத்தியம். அங்கே காய்ந்த தேங்காய் நார்க்கழிவைக் கனமாகப் போட்டுப் பரப்பி, ஒரு நாள் விட்டு, மேல்மண்ணோடு சேர்த்து வழித்து எடுங்கள். சிங்கம்புணரிக் கயிறு மில்களில் கேட்டால் கிடைக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் டீசல் இன்னும் ஆழமாக இறங்கும், வாய்க்காலுக்கும் போகும். எடுத்ததைக் கொளுத்தவும் வேண்டாம், கிணற்றுக்கு எட்டத்தில் தார்ப்பாய் விரித்துக் குவித்து, சாணமும் கொஞ்சம் யூரியாவும் கலந்து, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறி விடுங்கள். டீசலைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்றும் தழைச்சத்தும் வேண்டும், நார்க்கழிவில் தழைச்சத்து ரொம்பக் குறைவு, அதற்குத்தான் யூரியா. இது டீசலுக்கு மட்டும் சொல்கிறேன். பழைய எஞ்சின் ஆயிலில் உலோகங்கள் கலந்திருக்கும், அதை இப்படி மக்க வைக்கக் கூடாது.

சில மாதம் போனபின் அந்தக் குவியலில் கொஞ்சம், நல்ல மண்ணில் கொஞ்சம் என்று தனித்தனிச் சட்டியில் பாசிப்பயறு போட்டுப் பாருங்கள். முளைப்பு இரண்டிலும் ஒன்றாக வந்து, வாடையும் போயிருந்தால் தென்னை மூட்டுக்குப் போடலாம். கீரைப்பாத்திக்கு வேண்டாம்.