அப்பாவிடம் என்ன கேட்பது?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 74 வயது. கணையப் புற்றுநோய். இனி வலியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நினைவு தெளிவாக இருக்கிறது. "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன், இன்னும் எதுக்கு?" என்று தினமும் கேட்கிறார். என்ன சொல்லித் தேற்றுவது?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

தேற்ற வேண்டாம். "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா" என்றால் அவர் வாயடைத்துப் போவார். அவரால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள்.

கனடாவின் வின்னிபெக் நகரத்து மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் இதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார். சாவை நெருங்கியவரிடம் அவர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டு, பதிவுசெய்து, எழுதி, அவர் விரும்புகிறவர்களுக்கு விட்டுச்செல்லக் கொடுப்பது. 2005இல் வெளிவந்த ஆய்வில் கலந்துகொண்ட 100 பேரில் 68 சதவீதத்தினர், வாழ்வதற்கு ஒரு நோக்கம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். இது நோயைக் குறைக்கும் முறை அல்ல. தன்னிடமிருந்து யாருக்கோ ஏதோ தேவைப்படுகிறது என்பது போதுமானதாக இருந்தது. நன்றாக நடமாடும் காலத்திலும் நம்மை ஓடவைப்பது அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் இது மனச்சோர்வுக்கு மருந்தாகாது. 326 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியான பெரிய ஆய்வில் இந்த முறையைப் பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே மனத்துயரின் அளவுகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அப்பா எந்நேரமும் சாவையே வேண்டிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வலி மாத்திரை பிடித்த பிறகு, அவர் தெம்பாக இருக்கும் வேளையில் உட்காருங்கள். கூட ஆள் வேண்டாம். உறவுக்காரர்கள் சுற்றி இருந்தால் பேச்சு மாறிவிடும். செல்போனைத் தலையணைப் பக்கம் வைத்துப் பதிவுசெய்யுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். யாருக்காக இது என்று அவரே முதலில் சொல்லட்டும். பிறகு, "எந்தக் காலத்துலப்பா ரொம்ப உயிர்ப்பா இருந்தீங்க?" என்று ஆரம்பியுங்கள். செய்ததில் எது பெருமை, யாரிடம் என்ன சொல்ல பாக்கி இருக்கிறது, பேரப்பிள்ளைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பின்னால் வரும். "என்ன பெரிசா செஞ்சுட்டேன்" என்றால் பழைய போட்டோ ஒன்றைக் காட்டிக் கேளுங்கள்.

இரண்டு மூன்று நாளுக்குள் எழுதி முடித்துவிடுங்கள். இந்த நோயில் குழப்பம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்துவிட்டால் பதிவைத் தொடராதீர்கள். எழுதும்போது, "அந்த வருஷம்... இல்ல, தம்பி பொறந்தப்புறம்... மோட்டார் வாங்கினது" என்பது "தம்பி பொறந்தப்புறம் மோட்டார் வாங்கினேன்" என்று ஆகட்டும். அவருடைய பேச்சுச் சொற்களைத் திருத்த வேண்டாம்.

பெரும்பாலும் தவறு நடப்பது கோபத்தில்தான். ஒரு பிள்ளையைப் பற்றிக் கடுமையாக ஏதாவது வந்துவிடும். அதை நீங்களாக வெட்டவும் கூடாது, அப்படியே விடவும் கூடாது. "இதை அண்ணன் படிக்கணுமாப்பா?" என்று கேளுங்கள். பின்னால் அண்ணன் விளக்கம் கேட்க அவர் இருக்க மாட்டார்.

எழுதியதை முழுதாகப் படித்துக்காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைப் போட்டு, பிரதியை அவர் கையில் கொடுங்கள். யாருக்கு எப்போது கொடுப்பது என்பது அவர் முடிவு.