வாங்கிய வீட்டில் மறைந்திருந்த தண்ணீர் மீட்டர்: பாக்கி யாருடையது?

கேள்வி: ஏழு மாதங்களுக்கு முன் ஒரு தனி வீட்டைக் கிரயம் பெற்றோம். விற்றவர் ஒரே ஒரு குடிநீர் இணைப்பைத்தான் காட்டினார். அதற்கான கட்டணத்தைத் தவறாமல் கட்டி வருகிறோம். சென்ற மாதம் சுற்றுச்சுவர் ஓரம் தரையைச் சரிசெய்யச் சிமெண்ட் பலகையைப் பெயர்த்தபோது அடியில் இன்னொரு மீட்டர் இருந்தது. எங்கள் குழாய்கள் எல்லாவற்றையும் மூடினாலும் அது சுழல்கிறது. உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்தால், இணைப்பு விற்றவருடைய தந்தையின் பெயரில் இருக்கிறது, 41,000 ரூபாய் நிலுவை என்கிறார்கள். "வீடு இப்போது உங்களுடையது, நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்கிறார் அலுவலர். விற்றவரோ "விற்றாயிற்று, இனி எனக்குச் சம்பந்தமில்லை" என்கிறார். பணத்தை யார் கட்ட வேண்டும்? மீட்டரைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது. மீட்டரைத் தொடாதீர்கள். அது சுழல்கிறது என்றால் அந்தத் தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. மண்ணுக்குள் கசிந்து வீணாகலாம். பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் போகலாம். பின்னது உண்மையாக இருந்து நீங்கள் குழாயை அறுத்தால், பிறர் குடிக்கும் தண்ணீரைக் குறைக்கும் சேதச் செயல் என்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-வது பிரிவில் புகார் வர வாய்ப்புண்டு. அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இதுவரை உங்கள் பக்கம் ஒரு தவறும் இல்லை. அந்த நிலையை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்று இரவு படுக்கும் முன் மீட்டரில் உள்ள அளவைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி எடுங்கள். இரவு முழுவதும் ஒரே சீராக ஓடியிருந்தால் பெரும்பாலும் கசிவு. விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் ஓடினால் யாரோ பயன்படுத்துகிறார்கள். ஒரு குழாய்ப் பணியாளரை அழைத்து, அந்தக் குழாய் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் என் வாதத்தைவிட இந்தப் படங்கள் அதிகம் பேசும்.

இனி பணத்துக்கு வருவோம். சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 55-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. விற்பனை நாள் வரை சொத்தின் மீது சேர்ந்த பொதுக் கட்டணங்களை விற்பவர் கட்ட வேண்டும். உரிமை கைமாறிய பிறகு வருவதை வாங்கியவர் கட்ட வேண்டும். வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் அதுவே செல்லும். எனவே கிரயப் பத்திரத்தை எடுத்து, வரி பாக்கி பற்றிய பகுதியைப் படியுங்கள். "இதுநாள் வரையிலான வரி, கட்டண பாக்கிகளை விற்பவரே தீர்ப்பார்" என்ற வாசகம் பல பத்திரங்களில் இருக்கும். இருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். எதுவுமே இல்லாவிட்டாலும் 55-வது பிரிவு உங்களுக்காக நிற்கிறது. "விற்றாயிற்று" என்பது சட்டத்தின் முன் ஒரு பதிலே அல்ல.

பலர் இங்கே வில்லங்கச் சான்றைக் காட்டி, "இதில் ஒன்றும் இல்லையே" என்கிறார்கள். அதில் வராது. பதிவான ஆவணங்கள்தான் அதில் இடம்பெறும். தண்ணீர்க் கட்டண பாக்கிக்கு யாரும் பத்திரம் பதிவதில்லை. அதனால் நீங்கள் கவனக்குறைவாக இருந்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்கும் விற்றவருக்கும் இடையே அந்த நிலுவை அவருடையது. உங்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையே என்ன என்பது வேறு கேள்வி. பாக்கி சொத்தின் மீதே ஏறி நிற்குமா என்பதை அந்த உள்ளாட்சி அமைப்பை ஆளும் சட்டமும் விதிகளும் தீர்மானிக்கின்றன. பொது விதி உங்களுக்குச் சாதகமானது: விவரம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரின் கையில் உள்ள சொத்தின் மீது அத்தகைய பாக்கியை வசூலிக்க முடியாது, வேறொரு சட்டம் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-வது பிரிவு. ஏலத்தில் சொத்து வாங்கிய ஒருவரிடம் பழைய நகராட்சி வரியைக் கேட்ட அகமதாபாத் மாநகராட்சியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971-இல் இதையே ஏற்றது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கேரள மின்வாரியம் தொடர்பான 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பழைய உரிமையாளரின் பாக்கி தீரும் வரை புதிய இணைப்பு தர மறுக்க விதிகள் இடமளித்தால் அது செல்லும் என்றும் அதே நீதிமன்றம் கூறியது. அது மின்சாரம் பற்றியது. என்றாலும் உங்கள் அலுவலகம் அதைத் துணைக்கு அழைக்கக்கூடும்.

ஆகவே அலுவலர் வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். எந்தப் பிரிவின் கீழ் என்னிடம் கேட்கிறீர்கள், நிலுவை எந்தெந்த மாதத்துக்கு உரியது, மீட்டர் அளவு கடைசியாக எப்போது குறிக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்யுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மாதவாரிக் கணக்கு கைக்கு வந்தால் கிரயத் தேதியை ஒரு கோடாகப் போட்டுவிடலாம். அந்தத் தேதிக்கு முந்தையது விற்றவருடையது. பிந்தைய ஏழு மாதம் பற்றிய பேச்சு, தண்ணீர் யாருக்குப் போயிற்று என்று தெரிந்த பிறகுதான்.

இதற்கிடையே உங்கள் வீட்டு இணைப்பையே துண்டிப்போம் என்று மிரட்டினால் என்ன செய்வது? குழந்தைகள் உள்ள வீட்டில் கொள்கைக்காகத் தண்ணீர் இல்லாமல் இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. "ஆட்சேபத்துடன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு கட்டுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 69-வது பிரிவு இத்தகைய நிலைக்கென்றே எழுதப்பட்டதுபோல இருக்கிறது: சட்டப்படி இன்னொருவர் கட்ட வேண்டிய தொகையை, அதில் அக்கறை உள்ள ஒருவர் கட்டினால், அவரிடமிருந்து திரும்பப் பெறலாம். விற்றவருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். கேட்கவில்லையென்றால் பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்காதீர்கள். நாளாக நாளாக மனிதர்கள் வீடு மாறிவிடுகிறார்கள்.

மீட்டரைப் பற்றி விற்றவர் சொல்லாமல் விட்டதும் தனித் தவறு. தமக்குத் தெரிந்த, சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை மறைப்பதை 55-வது பிரிவு மோசடி என்றே கருதுகிறது. சிமெண்ட் பலகைக்கு அடியில் இருந்ததை நீங்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்? ஆனால் அவருக்கு அது தெரியும் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தந்தையின் பெயரில் உள்ள இணைப்பு அதற்கு நல்ல தொடக்கம். இதை வைத்துக் கிரயத்தையே ரத்து செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இழப்பீடு கேட்கலாம், அவ்வளவே.

குழாய் பக்கத்து வீட்டுக்குப் போவதாகத் தெரிந்தால், அந்த வீடும் முன்பு இதே குடும்பத்தின் சொத்தா என்று விசாரியுங்கள். ஒரே சொத்து பிரிந்து கைமாறும்போது, கூர்ந்து பார்த்தால் தெரியக்கூடிய, தொடர்ந்து பயன்பட்டு வந்த நீர்வழி வசதியை மற்ற பகுதிக்காரர் உரிமையாகக் கோர பிறர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய இந்திய ஈஸ்மெண்ட் சட்டம், 1882-இன் 13-வது பிரிவு இடம் தருகிறது. புதைந்த குழாய் அப்படித் தெரியக்கூடியதா என்பது வாதத்துக்கு உரியது. அந்த உரிமை இருந்தாலும் அது குழாய் போவதற்குத்தான். அவர்கள் குடித்த தண்ணீருக்கு நீங்கள் பணம் கட்டுவதற்கு அல்ல. மீட்டரை அவர்கள் எல்லைக்குள், அவர்கள் பெயருக்கு மாற்றித் தருமாறு இருவரும் சேர்ந்து மனுக் கொடுப்பது எல்லாருக்கும் நல்லது.

அலுவலகம் பிடிவாதமாக இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்கு ஓடுவதற்கு முன், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்து நிரந்தர மக்கள் நீதிமன்றத்தை அணுகுங்கள். குடிநீர் வழங்கல் அதன் வரம்புக்குள் வரும் பொதுப் பயன்பாட்டுச் சேவை. சமரசம் ஏற்படாவிட்டாலும் அதுவே தீர்ப்புச் சொல்ல முடியும். கிரயப் பத்திரம், மீட்டர் படங்கள், நீங்கள் கட்டிவரும் இணைப்பின் ரசீதுகள், அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஆகியவற்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.