சம்ப் மோட்டார் பெட்டிக்கு அரசு மானியம் கிடைக்குமா?

கே: சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில்) தண்ணீர் தீர்ந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தி, போனுக்குத் தகவல் அனுப்பும் பெட்டி ஒன்று செய்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒழுங்காக ஓடுகிறது. கம்பெனி எதுவும் இல்லை. அரசிடம் உதவி கேட்கலாமா?
வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

ப: தாராளமாகக் கேட்கலாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் கம்பெனி இல்லாத தனி ஆளும் விண்ணப்பிக்கலாம். மாதிரிக் கருவி செய்ய 10 லட்சம் ரூபாய் வரை மானியம்; திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பிரயாஸ் மையமாக அங்கீகாரம் பெற்ற இன்குபேட்டர்கள், அதாவது புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையங்கள், அறிவிப்பு வெளியிடுவார்கள். விண்ணப்பம் அவர்களிடம்தான் போக வேண்டும். வெறும் ஆப் என்றால் இதில் இடமில்லை, பொருள் கையில் இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கிறது.

தேர்வுக் குழு கேட்கும் முதல் கேள்வி, 'இதில் புதிதாக என்ன?' என்பது. தண்ணீர் மட்டம் பார்த்து நிறுத்தும் பெட்டியும், மோட்டார் இழுக்கும் கரண்ட் குறைவதை வைத்து நிறுத்தும் பெட்டியும் கடையிலேயே கிடைக்கின்றன. இரண்டாம் வகை எங்கே சறுக்குகிறது என்று பாருங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கினால் கரண்டும் மாறும். தண்ணீர் இருக்கும்போதே மோட்டார் நின்றுவிடும். உங்கள் பெட்டி அந்தக் குறையைத் தீர்க்கிறது என்றால், எந்த வோல்டேஜில் எத்தனை ஆம்பியர் என்று அளந்த எண்களோடு முதல் பத்தியிலேயே எழுதுங்கள். 'ஸ்மார்ட்', 'ஐஓடி' (இணையத்தோடு இணைந்த கருவி) என்ற சொற்கள் அந்த எண்களுக்கு ஈடாகாது.

வீட்டில் ஓடுகிறது என்றால் ஒரு மோட்டாரில் ஓடுகிறது என்றுதான் பொருள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் அளவில் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு. அதனால் போர்டில் பற்றவைத்த 10 ஆம்பியர் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) சில வாரம் தாங்கும், பிறகு அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பெட்டி 'நில்' என்றாலும் மோட்டார் நிற்காது, காய்ந்து ஓடி வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பி) கருகும். ரிலே காண்டாக்டரை (அதிகக் கரண்ட் தாங்கும் பெரிய சுவிட்சை) இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். இந்த மாற்றத்தையும் காரணத்தையும் விண்ணப்பத்தில் சொல்லுங்கள். தோல்வியை முன்கூட்டி யோசித்தவர் என்ற நம்பிக்கை வரும்.

பட்ஜெட்டில் ஒரே ஒரு பெட்டி என்று போடாதீர்கள், ஐந்து போடுங்கள். சர்ஜ் (திடீர் வோல்டேஜ் பாய்ச்சல்) சோதனையில் ஒன்று போகும், ஒன்று மேசையில் திறந்தே கிடக்கும், மூன்று வெவ்வேறு வீடுகளில் ஓடட்டும். பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் 40 ரூபாய் உதிரிப் பாகம் வாங்கினாலும் ஜிஎஸ்டி எண் அச்சடித்த பில் கேளுங்கள். துண்டுச்சீட்டில் எழுதி வாங்கியதெல்லாம் உங்கள் சொந்தச் செலவாகிவிடும். நல்ல கருவியோடு வந்தவர்களும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். அதனால்தான் அழுத்திச் சொல்கிறோம்.

கர்நாடக அரசின் எலிவேட் திட்டத்தில் 50 லட்சம் வரை மானியம் உண்டு. அதற்குக் கர்நாடகத்தில் பதிவான நிறுவனம் வேண்டும். மாதிரி முடிந்தபின் யோசிக்கலாம்.

கே: காப்புரிமைக்கு நிறையச் செலவாகுமாமே? முதலில் கண்காட்சியில் வைத்து வரவேற்பு பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாமா?
வாசகி, அல்சூர்

ப: வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். பொதுவில் காட்டிவிட்டால் அது புதிது இல்லை என்றாகிவிடும். மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட கண்காட்சிகளுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. கல்லூரி விழாவுக்கும் யூடியூப் வீடியோவுக்கும் கிடையாது.

தனிநபர் ஆன்லைனில் தற்காலிக விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பின் முதல்கட்ட விளக்கம்) தாக்கல் செய்ய அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். தாக்கல் செய்த அந்தத் தேதியே உங்கள் கண்டுபிடிப்பின் தேதியாகக் கணக்கில் வரும். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பரிசீலனை தானாகத் தொடங்காது. படிவம் 18-ஐ 4,000 ரூபாயோடு, முதலில் தாக்கல் செய்த தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் தனியாகத் தர வேண்டும். பழைய கெடு 48 மாதம். 2024-இல் விதி மாறியது தெரியாமல் இன்னும் அந்தக் கணக்கிலேயே இருப்பவர்கள் உண்டு. பெரும் செலவு வழக்கறிஞர் கட்டணம்தான். புது நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் இருந்தால் அரசு நியமித்த உதவியாளரின் கூலியை அரசே தரும். தனி உரிமையாளர் கடைக்கு அந்த அங்கீகாரம் கிடைக்காது.

கே: சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு 2,500 ரூபாய் கேட்கிறார்கள். சரியா?
வாசகர், சிவாஜிநகர்

ப: ஒரு ரூபாய்கூடத் தரவேண்டாம். பதிவு இலவசம், புதுப்பித்தலும் கிடையாது. தள முகவரி .gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள். கட்டணம் கேட்பது தனியார் தளம். ஆதாரோடு இணைந்த போனும் பான் எண்ணும் போதும், ஆவணம் எதையும் ஏற்ற வேண்டாம். தொழில் குறியீட்டை மட்டும் நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். கருவி தயாரிப்பவர் 'பழுதுபார்ப்பு' என்று போட்டுவிட்டால், வங்கி உற்பத்திக் கடன் தரத் தயங்கும்.

கே: அம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். கணினிச் சான்றிதழ் பெற வழி உண்டா?
வாசகி, பாரதிநகர்

ப: உண்டு. மத்திய அரசு நிறுவனமான நீலிட் நடத்தும் சிசிசி என்ற அடிப்படைக் கணினிப் பாடத்துக்குக் கல்வித் தகுதி எதுவும் கேட்பதில்லை. 80 மணி நேரப் பாடம். தேர்வு 90 நிமிடம், 100 கேள்வி, 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. பயிற்சி மையத்தில் சேராமலும் நேரடியாகத் தேர்வு எழுதலாம். பாடத்தில் வருவது கடிதம், கணக்கு எல்லாம் போடும் லிப்ரே ஆபீஸ் மென்பொருள். வீட்டுக் கணினியில் அதையே இலவசமாக இறக்கி, அதிலுள்ள கால்க் என்ற கணக்கு அட்டவணையில் மாத மளிகைக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். கூட்டல் சூத்திரம் இரண்டே நாளில் கைவந்துவிடும்.