அம்பு முனையின் எடையைக் கூட்டினால் தண்டையும் மாற்ற வேண்டுமா?

வேட்டை வில்லில் 100 கிரெயின் (அம்பு முனையை எடைபோடும் சிறிய அலகு) முனைக்குப் பதில் 150 போட்டால் அதே தண்டு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் போதாது. முனை கனக்கக் கனக்க, நாண் தள்ளும் கணத்தில் தண்டு கூடுதலாக வளையும். தண்டில் போட்டிருக்கும் 400, 340 எல்லாம் இந்த வளைவைச் சொல்பவைதான்: 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் 400 தண்டு 0.400 அங்குலம் வளையும். எண் குறைந்தால் விறைப்பு அதிகம். அதனால் இப்போது 400 தண்டு வைத்திருந்தால் 340-ஐ முயன்று பாருங்கள். தண்டைக் குட்டையாக்கினாலும் விறைப்பு கூடும். ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது, கால் கால் அங்குலமாகவே குறையுங்கள்.

அப்புறம், காயத்தோடு விலங்கு தப்பி ஓடுவது மிகக் கொடுமை. வேட்டைக்குப் போகும் முன் அதே எடையுள்ள பயிற்சி முனையையும் அகலக் கத்தி முனையையும் மாற்றி மாற்றி எய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் குத்தினால் சரி.