நீள லிங்க்கை எங்கே வெட்டுவது? கேள்வி பதில்

கே: அண்ணா, ஃபேஸ்புக்கில் பார்த்த செய்தியை வாட்ஸப் குரூப்பில் போட்டால் லிங்க் நாலு வரிக்கு நீள்கிறதே?

ப: கேள்விக்குறிக்குப் பிறகு எஃப்-பி-சி-எல்-ஐ-டி என்று ஒரு வால் தொங்கும். நீங்கள் தட்டியதை அடையாளம் காண ஃபேஸ்புக் ஒட்டியது அது. யு-டி-எம் என்று தொடங்குபவையும் அதே ஜாதி. ஆள் எந்த வழியாக வந்தார் என்று தளத்துக்காரர் கணக்குப் பார்க்க. வெட்டிவிடுங்கள், செய்தி அப்படியே திறக்கும்.

கே: அப்போது ? தொடங்கி எல்லாவற்றையும் வெட்டலாமா சார்?

ப: ஐயோ, வேண்டாம். யூடியூபின் முழு முகவரியில் ?வி= என்பதற்குப் பின்னால்தான் வீடியோவின் 11 எழுத்து அடையாளமே இருக்கிறது. ஒருமுறை அதையும் சேர்த்து வெட்டி குடும்ப குரூப்பில் போட்டு, "மாமா, ஒன்றும் வரலையே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஷேர் பொத்தான் ஒட்டும் எஸ்-ஐ= வேண்டாதது. டி= இருந்தால் விட்டுவிடுங்கள்; குறிப்பிட்ட நொடியிலிருந்து ஓடவைப்பது அதுதான். மற்ற தளங்களில் & குறிகளுக்கு நடுவே ஒவ்வொரு துண்டாக எடுத்துவிட்டு, பிரவுசரின் இன்காக்னிட்டோ (தனிப்பட்ட) ஜன்னலில் திறந்து பாருங்கள். அங்கே லாகின் இருக்காது என்பதால் குரூப்பில் மற்றவர்களுக்கு என்ன தெரியுமோ அதுவே தெரியும்.

கே: தமிழ் விக்கிப்பீடியா லிங்க் மட்டும் ஏன் ஒரே சதவீதக் குறியாக வருகிறது?

ப: இது நம் எழுத்தின் தலைவிதி. 'தமிழ்நாடு' நமக்கு 5 எழுத்து. கணினி எழுத்துகளுக்குக் குறி கொடுக்கும் யூனிகோடில் கொம்பு, கால், புள்ளியெல்லாம் தனித்தனி, ஆக 9 குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட் (கணினி சேமிக்கும் சிறு அலகு); ஒவ்வொரு பைட்டும் % சேர்த்து 3 எழுத்தாக மாறும். பெருக்கிப் பாருங்கள்: 81 எழுத்து! குப்பை போலத் தெரிந்தாலும் அதுதான் கட்டுரையின் பெயர், அதில் கைவைக்காதீர்கள். விக்கியின் கருவிகள் பகுதியிலேயே சுருக்கிய முகவரி எடுக்கும் வசதி இருக்கிறது. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கே: பேசாமல் எல்லாவற்றையும் சுருக்கித் தரும் தளத்தில் போட்டுவிட்டால்?

ப: எனக்குப் பிடிக்காது. எங்கே போகிறது என்றே தெரியாத லிங்க்கை இந்தக் காலத்தில் யார் நம்பித் தட்டுவார்கள்? அப்புறம், கூகுளே தன் சுருக்கிச் சேவையில் புது லிங்க் தருவதை 2019இல் நிறுத்திவிட்டது. போஸ்டரில் அச்சடிக்க வேண்டுமென்றால் சரி.

கே: பாஸ்வேர்ட் மாற்ற வந்த லிங்க்கும் நீளமாக இருக்கிறது, அதை எப்படிச் சுருக்கிப் பகிர்வது?

ப: தம்பி, அதை யாருக்கும் அனுப்பவே கூடாது!