பதில்: எக்ஸும் ஓவுமா ஓடுன அந்தப் பழைய அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேம் எது?
ப்ரோ, டேபிள் மாதிரி மெஷின், பிளாக் அண்ட் ஒயிட் ஸ்கிரீன், ஒரு டீம் எக்ஸ் இன்னொரு டீம் ஓ, மெஷின்ல பதிச்ச பந்தை (டிராக்பால்) கையால உருட்டணும்னு சொல்றீங்கன்னா அது உங்க ஃப்ரெண்ட் சொல்ற மேடன்ங்கிற கேம் கிடையாது, 1978ல வந்த அடாரி ஃபுட்பால் தான். அந்த டிராக்பாலை எவ்ளோ வேகமா உருட்டுறோமோ அவ்ளோ வேகமா ஆள் ஓடுவான், அதனால உள்ளங்கை பிச்சுக்கும், கூடவே மைதானமும் ஸ்கிரீன்ல நகரும், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்ங்க.

அந்த மேடன் 1988ல ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்கு வந்தது. ஒரு டீமுக்கு ஏழு பேர் போதும்னு அதைப் பண்ண எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி பார்த்தாங்க, பதினோரு பேர் இல்லன்னா அது ஃபுட்பாலே இல்லன்னு அந்த கேமுக்குப் பேர் கொடுத்த ஃபுட்பால் கோச் ஜான் மேடன் ஒத்தக்கால்ல நின்னாரு, அதான் அது வர்றதுக்கே வருஷக்கணக்காச்சு. அடாரி ஃபுட்பாலை எமுலேட்டர்ல (பழைய கேமை கம்ப்யூட்டர்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) தேடுறீங்கன்னா டிராக்பால் இருந்தா மாட்டிக்கோங்க, மவுஸ்ல அந்த ஃபீல் வராது.